உறைக்கு ஓர் உறை

கொடைக்கானல் போகும் வழியில், காமக்காபட்டி சோதனைச்சாவடியில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். இ-பாஸைக் காட்டினேன். எத்தனை பேர் என்றார்கள், சொன்னேன். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்றார்கள். பின்சீட்டுக்கு அடியில் ஒன்று உருண்டு கிடந்தது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டில் மலைக்கு ஆகாது. மீறினால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. பாட்டிலை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஒரு மலையை இவ்வளவு கருத்தாகக் காக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்து மேலே ஏறினேன்.

கொடைக்கானலுக்குப் போகிறவர்களை 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி எண்ணுகிறார்கள். 2025 கோடையில் வார நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதி நாளுக்கு 6,000 வண்டி என்று வரம்பும் கட்டினார்கள். வண்டிக்குக் கணக்கு, ஆளுக்குக் கணக்கு, பாட்டிலுக்குக் கணக்கு. ஊசிக்கு மட்டும் கணக்கில்லை. நம் மலையில் ஏது ஊசி? ஊசியிலைக் காடு மட்டும்தான் உண்டு. அங்கே நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வோம்.

அதேபோல உடலுறவும் இங்கே கிடையாது. தேனிலவு உண்டு. மலைகளின் இளவரசி என்று பட்டம் சூட்டி, எத்தனையோ வருஷமாகத் தேனிலவை விற்றுத்தான் பாதி ஊர் சாப்பிடுகிறது. புதுமண ஜோடிக்குக் கட்டில்மேல் ரோஜா இதழால் இதயம் வரைந்து வைக்கிறார்கள். ஷாம்பு வைக்கிறார்கள், சீப்பு வைக்கிறார்கள், பாதத்துக்கு வெந்நீர்ப் பைகூட வைக்கிறார்கள். அந்தக் கட்டிலுக்கு வேண்டிய முக்கியமான சாமான் ஒன்றை மட்டும் எந்த அறையிலும் நான் பார்த்ததில்லை. வந்த ஜோடி ராத்திரி முழுக்க ஹோம்மேட் சாக்லேட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை போலும்.

அந்தச் சாமானைத் தேடித்தான் மறுநாள் ஒரு மெடிக்கலுக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். எனக்கு முன்னால் ஒரு பையன் நின்றிருந்தான். இருபது வயதிருக்கும். அந்தக் குளிரில் எல்லோரும் ஸ்வெட்டர் கையை இழுத்து மூடுவார்கள்தான். அவன் விரல் நுனிவரை மூடியிருந்தான்.

"அண்ணே, ரெண்டு எம்.எல். சிரிஞ்சு ஒண்ணு குடுங்க."

"யாருக்கு?"

"பாட்டிக்கு. சுகர்."

"சுகருக்குப் போடுற சிரிஞ்சு வேற தம்பி. சீட்டு எங்க?"

பையன் ஒன்றும் பேசவில்லை. இறங்கி நடந்துவிட்டான். கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"பாத்தீங்களா சார், பாட்டியாம் பாட்டி! ரூம் போட்டு மாத்திரையக் கரைச்சு ஏத்துற கூட்டம் சார் இது. இன்னைக்கு ஒரு உசுரக் காப்பாத்துன புண்ணியம் எனக்கு."

பிறகு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆணுறை என்றேன். கடையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. இருந்தும் அவர் குரல் தாழ்ந்தது. "எது?" என்று உதடு மட்டும் அசைந்தது. மேல்தட்டில் கைவிட்டு எடுத்தார். பழைய பேப்பரில் சுற்றினார். ராசிபலன் பக்கம். அதைக் கறுப்புக் கவரில் போட்டு இரண்டு முடிச்சு போட்டார். பாம்பைப் பிடித்துக் கொடுப்பதுபோல, முகத்தை எடைமெஷின் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார். நான் தலை நரைத்தவன், பேரன் எடுத்தவன். உறைக்கு ஓர் உறை, அதற்கும் மேலே ஓர் உறை என்று எனக்கே இந்த மரியாதை. அந்தப் பையன் சிரிஞ்சுக்குப் பதில் இதைக் கேட்டிருந்தால், அவன் அப்பாவுக்குச் சாயங்காலத்துக்குள் போன் போயிருக்கும்.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. நல்லவர், பக்திமான், பிள்ளைகுட்டிக்காரர். அவர் காப்பாற்றியது எதை என்று மட்டும் பார்ப்போம். அந்தப் பையனை அவர் போதையிலிருந்து காப்பாற்றவில்லை. மாத்திரை எங்கிருந்தோ ஏற்கெனவே வந்துவிட்டது. புது ஊசியிலிருந்துதான் காப்பாற்றினார். அறையில் காத்திருக்கிற சேக்காளிகளிடம் ஒரு பழைய ஊசி இருக்கும். நேற்று போட்டது, முந்தாநாள் போட்டது, யார் யாரோ போட்டது. முனை மழுங்கியிருக்கும். தீப்பெட்டியின் ஓரத்தில் இரண்டு தேய்ப்பு, வெந்நீரில் ஒரு முக்கு, தீர்ந்தது சுத்தம். அது அத்தனை கைக்கும் போகும். புண்ணியம் சேர்ந்தது கடைக்காரர் கணக்கில். கிருமி சேர்ந்தது அவர்கள் ரத்தத்தில்.

நண்பனின் எச்சில் டம்ளரில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிற நாட்டில், நண்பனின் ரத்தம் தங்கிய ஊசியைத் தயங்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். கேட்டால், "நம்ம பய சார், அவனப் பத்தித் தெரியாதா?" என்பார்கள். அவனைப் பற்றித் தெரியும். அவன் ரத்தத்தைப் பற்றி அவனுக்கே தெரியாது. எச்.ஐ.வி. ஊசிக்குள் தங்கிய ரத்தத்தில் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். ஹெபடைடிஸ் சி வாரக்கணக்கில் இருக்கும். வெந்நீரில் முக்குவது பாட்டி வைத்தியம்கூட இல்லை.

இது நேற்று முளைத்த காளான் என்று நினைக்க வேண்டாம். 1990களிலேயே சென்னையில் புப்ரினார்ஃபின் ஊசி மருந்தை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். இன்று டாபென்டடால் என்ற வலி மாத்திரை. வாயால் விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். அதில் கலந்த மாவும் சுண்ணமும் கரையாமல் போய் நரம்பை அடைக்கிறது, கையில் சீழ் கட்டுகிறது, சிலருக்கு உயிரே போகிறது. சென்னையில், மதுரையில், கோவையில் இளைஞர்கள் செத்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். "போதை ஊசி போட்ட வாலிபர் பலி." நான்கு வரி. அடுத்த பத்தியில் தங்கம் விலை.

இந்தியாவில் ஊசிவழி போதை எடுப்பவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர் என்று 2019ல் சமூகநீதி அமைச்சகமும் எய்ம்ஸும் சேர்ந்து கணக்குச் சொன்னார்கள். நாட்டில் பெரியவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கு எச்.ஐ.வி. என்றால், ஊசி போடுகிறவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு. 2021ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு எடுத்த கண்காணிப்புக் கணக்கு அது. நாற்பது மடங்குக்கும் மேல். பிளாஸ்டிக் பாட்டில் இந்த வேகத்தில் பெருகியிருந்தால் காமக்காபட்டியில் ராணுவத்தை இறக்கியிருப்போம்.

"பாவம், தெரியாமல் செய்கிறார்கள், விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்" என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு ஒரு சேதி. ஊசியால் எய்ட்ஸ் வரும் என்று ஊசி போடுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். ஆணுறை போட்டால் வராது என்றும் தெரியும். தெரிந்ததைச் செய்ய விடாமல் தடுப்பது எது என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் மேடையில் சொல்ல முடியாது, ஏனென்றால் அது நீங்கள்தான்.

கல்யாணமான ஒருவன் வீட்டுக்கு ஆணுறை வாங்கிப்போகிறான் என்று வையுங்கள். மனைவி என்ன கேட்பாள்? "இது எதுக்கு? எங்க போயிட்டு வந்தீங்க?" உறை போட்டால் குற்றவாளி, போடாவிட்டால் நல்ல புருஷன். வெளியே போகும்போது ஒருவேளை உறை, வீட்டில் கண்டிப்பாக வெறும் நம்பிக்கை. ஊசியில் வாங்கிய கிருமியை நல்ல புருஷனாக இருந்தே கொண்டுபோய்க் கொடுக்கிறான். சென்னையில் ஊசி போடுகிறவர்களிடம் எடுத்த ஓர் ஆய்வு 2005ல் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு எச்.ஐ.வி.; அவர்களோடு வாழ்கிற துணைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு. அதற்கு முன்பே, 2000ல், மணிப்பூரிலிருந்து ஒரு கணக்கு வந்திருந்தது. கிருமி இருந்த ஆண்களின் மனைவிகளில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்குத் தொற்று. பாதிக்குப் பாதி என்றே சொல்லலாம்.

ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா என்று பெண்ணைப் பார்த்துக் கேட்பதற்கென்றே ஒரு பழமொழி வைத்திருக்கிற மொழி நம்முடையது. பஞ்சாயத்துத் திண்ணைகளில் அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை பெண்களின் வாயை அடைத்தோம்! அந்தப் பெரியவர்கள் யாராவது இப்போது எழுந்து வரட்டும். ஊசியைக் கண்ணால்கூடப் பார்க்காத இந்தப் பெண்ணின் ரத்தத்தில் இது எப்படி நுழைந்தது என்று பழமொழி சொல்லட்டும்.

ஊசி போடுகிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம் பார்ப்பதேயில்லை. மருந்தை வாங்குவது ஆண், போட்டுவிடுவதும் ஆண். அவன் போட்டு முடித்த பிறகுதான் அதே ஊசி அவள் கைக்கு வரும். உலகம் முழுக்க இப்படித்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நமக்கு ஆய்வு எதற்கு? ஆண்கள் பந்தி எழுந்த பிறகு பெண்கள் உட்காருகிற வழக்கத்தை ஊசியிலும் விடாமல் காப்பாற்றிவருகிறோம். பண்பாடு என்றால் சும்மாவா!

வாயைத் திறந்தவர்களுக்கு நாம் கொடுத்த பரிசுகளையும் சொல்ல வேண்டும். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். வேலூரில் ரத்தத்தைச் சோதித்தார்கள். சட்டமன்றத்தில் அமைச்சர் எச்.வி.ஹண்டே அறிவித்தார். ஊர் நம்பவில்லை. அது வெள்ளைக்காரன் வியாதி. நம்ம ஊர்ச் சீதைகளுக்கும் ராமர்களுக்கும் வராது. அந்த நம்பிக்கை குலைய எத்தனையோ பிணம் தேவைப்பட்டது.

2005ல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் உறவு வைத்துக்கொள்கிற பெண்கள் கர்ப்பத்துக்கும் நோய்க்கும் எதிராகப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்றார். மருத்துவர் சொன்னால் அறிவுரை. நடிகை சொன்னதால் கற்புக்குக் களங்கம். துடைப்பமும் செருப்பும் தெருவுக்கு வந்தன. 23 வழக்குகள், பெரும்பாலும் தமிழ்நாட்டில். ஐந்து வருஷம் இழுத்து, 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளுபடி செய்தது. அந்த 23 மனுக்களைத் தட்டச்சு செய்த தாளில் துண்டறிக்கை அச்சடித்திருந்தால் கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலை இரண்டுக்கும் போதும். பாதுகாப்பாக இருங்கள் என்று ஒரு பெண் சொன்னதற்குத் தமிழ்ச் சமூகம் எழுத்துபூர்வமாகக் கொடுத்த பதில் அது.

பழைய கதை இன்னொன்று. 1960களில் அரசாங்கம் மலிவு விலையில் ஆணுறை விற்கத் திட்டமிட்டபோது, காமத்துக்கு அரசன் என்ற பொருளில் "காமராஜ்" என்று பெயர் வைக்க யோசனை வந்ததாம். அப்போது அந்தப் பெயரில் பெரிய தலைவர் ஒருவர் இருப்பது யாருக்கோ ஞாபகம் வர, சமஸ்கிருதத்தில் தேடி "நிரோத்" என்று வைத்து 1968ல் கடைக்கு அனுப்பினார்கள். நல்லவேளை, தலைவரின் மானம் தப்பியது. எந்தப் பெயர் வைத்திருந்தாலும் நாம் வாய்விட்டுக் கேட்டிருக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

பேசினால் நடக்காதா என்றால், நடந்திருக்கிறது. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று விழிப்புணர்வு விளம்பரம் சுவரெல்லாம் கேட்ட காலம் நாற்பது வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். முகம் சுளித்தார்கள், கிண்டல் செய்தார்கள், ராஜா என்று பெயர் வைத்த பையன்கள் பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு தனிக் கதை. ஆனால் லாரி ஷெட்டிலும் டீக்கடையிலும் அந்தப் பேச்சு நுழைந்தது. நாட்டிலேயே முதலாவதாக 1994ல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்த மாநிலம் இது. 2001 வாக்கில் இங்கே கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று இருந்தது. இன்று அதில் கால்பங்குகூட இல்லை. பேசியதால் குறைந்தது. அந்தச் சுவர்கள் ஊசியைப் பற்றியும் பேசியிருக்கலாம். அதற்குள் வெள்ளையடித்துவிட்டோம்.

இப்போது பேச்சுக்குப் பதில் உறுதிமொழி. 2022 ஆகஸ்ட் 11 முதல் வருஷம் தவறாமல் பள்ளி கல்லூரிகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு போதையை எதிர்த்து உறுதி கூறுகிறார்கள். கையை நீட்டப் பழக்குகிறோம். ஊசிக்கும் கையைத்தான் நீட்ட வேண்டும். நீட்டிவிட்ட பிள்ளைக்கு அப்புறம் என்ன வழி என்று அந்தத் தாளில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

2020 பிப்ரவரியில் கொடைக்கானல் மேல்மலையில், குண்டுப்பட்டித் தோட்டம் ஒன்றில் ராத்திரி விருந்து நடந்தது. போலீஸ் சுற்றிவளைத்தது, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இளசுகள் சிக்கினார்கள். எச்சரித்து அனுப்பினார்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தில், ஓட வழியில்லாமல், சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் நின்ற அந்த நேரத்தைப்போல ஒரு வகுப்பறை எந்தச் சுகாதாரத் துறைக்கும் வாய்க்காது. எச்சரிக்கை கிடைத்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டும் ஒரு பாக்கெட் உறையும் கொடுக்க யாருக்குத் தோன்றும்? எனக்குத் தெரிந்த டீக்கடைகளில் அந்த வாரம் முழுக்க ஒரே கேள்விதான்: "அதுல பொம்பளப் பிள்ளைக எத்தன?"

இனி யானைக்கு வருவோம். நீலகிரியில் குடித்துவிட்டு உடைத்த பாட்டில்கள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்று நீதிமன்றம் கவலைப்பட்டது. 2022ல் டாஸ்மாக்கில் ஒரு திட்டம் வந்தது: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பும். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. அருமையான திட்டம். குடிக்காதே என்று யானை சார்பில் யாரும் உபதேசம் செய்யவில்லை. குடிக்கிறவன் குடிக்கத்தான் செய்வான், சேதத்தையாவது குறைப்போம் என்று அரசாங்கமே கணக்குப் போட்டது.

பழைய ஊசியைக் கொடு, புது ஊசியை வாங்கிக்கொள் என்பதும் இதே கணக்குதான். கூடவே உறை, கூடவே பரிசோதனை, விடத் தயாரானவனுக்கு நாக்குக்கடியில் வைக்கிற புப்ரினார்ஃபின் மாத்திரை. அன்று சென்னையில் ஊசியில் ஏற்றிய அதே மருந்தைத்தான் இன்று அரசாங்கம் மாத்திரையாகக் கொடுத்து மீட்கிறது. இதெல்லாம் யாரோ வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் ஆசை இல்லை. இந்திய அரசின் திட்டம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிற எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்றைக் குறைக்க உறையோ ஊசியோ கொடுப்பது குற்றமாகாது என்கிறது. நமக்கு விளங்காது என்று தெரிந்தோ என்னவோ, பாலியல் தொழிலாளிக்கு உறை கொடுப்பதையும், போதைக்காரனுக்குப் பழைய ஊசிக்குப் புது ஊசி கொடுப்பதையும் உதாரணமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றம் வெட்கப்படாமல் எழுதியதை மெடிக்கல் கடையில் வாய்விட்டுச் சொல்ல நமக்குக் கூச்சம். பையில் ஊசியிருந்தால் சாட்சி, உறையிருந்தால் ஒழுக்கக்கேடு. இரண்டும் இல்லாதவன் உத்தமன். அவனிடம்தான் நோய் இருக்கும்.

யானையின் பாதத்துக்குக் கிடைத்த கருணை மனிதனின் நரம்புக்குக் கிடைக்காதா என்றால், யானை நம் மானத்தை வாங்குவதில்லை, மனிதன் வாங்கிவிடுகிறான்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு ஒழுக்கசீலர் இருந்தார். இண்டியானா மாநிலத்தின் ஆளுநர் மைக் பென்ஸ். ஊசி கொடுப்பது போதைக்குத் துணைபோவது என்று நின்றவர். 2015ல் ஸ்காட் கவுன்டி என்ற சின்னப் பகுதியில், மாத்திரையைக் கரைத்து ஏற்றிய கூட்டத்தில் எச்.ஐ.வி. காட்டுத்தீயாகப் பரவியது; அடங்குவதற்குள் இருநூறு பேரைத் தாண்டிவிட்டது. பரவத் தொடங்கியபோது அவர், பிரார்த்தனை செய்துவிட்டு முடிவெடுக்கிறேன் என்றார். பிரார்த்தனை முடிந்ததும் புது ஊசிக்கு அனுமதி கொடுத்தார். ஆண்டவரே ஊசிதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மலையடிவாரத்தில் தண்டாயுதபாணி இருக்கிறார். நம் ஆட்களும் ஒருநாள் படியேறிக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆத்திரம் அந்தப் பையன்மேல் எனக்கு இல்லை. அவன் செய்தது தப்பு. அதற்கான கூலியை அவன் உடம்பு மொத்தமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆத்திரமெல்லாம் கையிலிருந்து கூலி ஏதும் கொடுக்காமல் ஒழுக்கம் பேசுகிற நம்மேல்தான். ஒரு வார்த்தையை மூன்று கவருக்குள் சுற்றிவைத்து, அதற்குப் பண்பாடு என்று பெயரெழுதி, அந்தப் பையனையும் அவனைக் கட்டப்போகிற பெண்ணையும் அதற்குள் மூச்சுமுட்ட விட்டிருக்கிறோம்.

கடைசியாக, இதைப் படிக்கிறவர்களில் ஊசியைப் பகிர்ந்துகொண்டவரோ உறையில்லாமல் உறவுகொண்டு பயந்திருப்பவரோ இருந்தால், உங்களுக்கு: 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள், தொற்றாமல் தடுக்க மருந்து உண்டு. நாள் கடந்திருந்தால் அரசு மருத்துவமனையில் "நம்பிக்கை மையம்" என்று பலகை மாட்டியிருக்கும். பரிசோதனைக்குக் காசில்லை, விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். தொற்று இருந்தாலும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் முழு ஆயுசு வாழலாம்; ரத்தத்தில் கிருமி அடங்கிவிட்டால் உறவின் வழியே துணைக்கும் போகாது. ஹெபடைடிஸ் சி மூன்று மாத மாத்திரையில் குணமாகும். போன் செய்ய 1097. போதையை விட உதவி வேண்டுமானால் 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, இ-பாஸும் தேவையில்லை.

மற்றவர்கள் வழக்கம்போல உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள்.